மூண்டு கிளை ஹார்ட்வெயார் கடை: புது சேர்வரா, கிளவுட்டா?

கடைக்கணக்கு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஹார்ட்வெயார் வியாபாரம். யாழ் ரவுணில பெரிய கடை, சுன்னாகத்திலயும் கிளிநொச்சியிலயும் கிளை. எல்லாமாச் சேர்த்து 11 கொம்பியூட்டர். பில் போடுற சொஃப்ட்வெயார் விண்டோஸில ஓடுறது. டேட்டாபேஸ் எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸ் (மைக்ரோசொஃப்டின்ர இலவசப் பதிப்பு), 6 ஜிபி வரும். ஸ்கான் பண்ணின இன்வொய்ஸ், சாமான் படங்கள் எண்டு இன்னொரு 180 ஜிபி. சேர்வர் ரவுண் கடையின்ர பின் அறைக்குள்ள இருக்கு. கிளைகளில தனித்தனி டேட்டாபேஸ். கடை பூட்டேக்க அண்டைய கணக்கை ஈமெயிலில அனுப்புவினம், இங்க கிளார்க் ஏத்துவார். அதால கிளிநொச்சியில 40 பை சீமெந்து இருக்கெண்டு இங்க காட்டும், ரெலிபோன் எடுத்துக் கேட்டா 12 எண்டுவினம்.

சேர்வர் பழசாப் போச்சு. புது சேர்வர், யூபிஎஸ், விண்டோஸ் லைசென்ஸ் எல்லாத்துக்கும் 12 லட்சத்துக்கு கொட்டேஷன் வந்திருக்கு. இன்னொரு கொம்பனி “ஒண்டும் வாங்க வேண்டாம், இருக்கிறதை அப்பிடியே கிளவுட்டுக்குத் தூக்கி வைப்பம், மாசம் 65,000” எண்டுது. கிளவுட் எண்டா இன்ரநெற் வழியா வாடகைக்கு எடுக்கிற சேர்வராம். கிளவுட்டால எங்களுக்கு உண்மையில என்ன லாபம்? இன்ரநெற் லைன் போனா, கரண்ட் போனா கடை நிண்டிடாதோ?


வடலி எழுதியது:

முதல்ல ஒண்டை விளங்கிக் கொள்ளுங்கோ. உங்கட லாபம் சேர்வர் காசு மிஞ்சுறதில இல்லை. மூண்டு கடைக்கும் ஒரே ஸ்ரொக், ஒரே கடன் கணக்கு வாறதுதான் லாபம். சுன்னாகத்தில கடன் எல்லை தாண்டின மேசன் கிளிநொச்சியில போய் இன்னும் ரெண்டு லட்சத்துக்கு கம்பி எடுக்கேலாது. அடுத்த லாபம், ரவுண் கடைக்குள்ள தண்ணி வந்தாலோ, நெருப்புப் பிடிச்சாலோ, கள்ளன் சேர்வரைத் தூக்கினாலோ கணக்கு தப்பும். இந்த ரெண்டையும் தராத கிளவுட் வெறும் வாடகைச் செலவு.

“அப்பிடியே தூக்கி வைப்பம்” எண்டது எனக்குப் பிடிக்கேல்லை. உங்களிட்ட இருக்கிறது மூண்டு வேலை: பக்கப், ஃபைல், பில். மூண்டையும் ஒரு நாளில மாத்தத் தேவையில்லை. பக்கப்பில துவங்குங்கோ. அது பிழைச்சாலும் கடை ஓடும், அதோட அதுதான் எல்லாத்திலயும் மலிவு. அமேசன் எஸ்3 மாதிரி கிளவுட் சேமிப்பு இடத்தில 200 ஜிபி வைக்க மாசம் 5 டொலர் அளவில வரும்.

செய்யிற முறை. எக்ஸ்பிரஸ் பதிப்பில எஸ்கியூஎல் ஏஜென்ற் (குறிச்ச நேரத்தில வேலையைத் தானா ஓட்டுற பகுதி) இல்லை, அதால விண்டோஸ் ராஸ்க் ஷெடியூலரில ஒரு ஸ்கிரிப்ட் போட்டு ஒவ்வொரு இரவும் முழு பக்கப் எடுக்க வேணும். பகலில 15 நிமிசத்துக்கு ஒருக்கா லொக் பக்கப், அதாவது இடையில நடந்த மாற்றங்களின்ர பதிவு மட்டும். டேட்டாபேஸ் செற்றிங்கில ரிக்கவரி மொடல் ‘ஃபுல்’ எண்டு இருந்தாத்தான் லொக் பக்கப் வேலை செய்யும், கனபேர் ‘சிம்பிள்’ எண்டு விட்டிருப்பினம், பாருங்கோ. வாற பக்கப் ஃபைலை கிளவுட்டுக்கு அனுப்புங்கோ. ஓடிக்கொண்டிருக்கிற டேட்டாபேஸ் ஃபைலை நேரா ஒன்ட்ரைவ் ஃபோல்டருக்குள்ள போடுற பழக்கம் எங்கட பக்கம் நிறைய இருக்கு. அது பூட்டின ஃபைல், ஒன்ட்ரைவ் அதைத் தொடாது. பக்கப் இருக்கெண்டு நினைச்சுக்கொண்டிருப்பியள், மேல போய்ப் பாத்தா போன வருசத்துப் பிரதி இருக்கும்.

180 ஜிபியை ஏத்த நேரம் எடுக்கும். லைனின்ர அப்லோட் 10 எம்பிபிஎஸ் எண்டா, நூற்றுக்கு நூறு வேகம் கிடைச்சாலும் 40 மணித்தியாலம். இரவு 9 தொடக்கம் காலை 5 வரை விட்டா ஐஞ்சு இரவு, நடைமுறையில ஆறு ஏழு. பகலில விட்டியள் எண்டா கார்ட் மெசின் கூட இழுபடும். உங்கட பைபர் பக்கேஜில மாச எல்லை இருந்தா அப்லோட்டும் அதில கழியுமோ எண்டு கேளுங்கோ. முதல் தரம் முடிஞ்சா பிறகு மாறினதுகள் மட்டும்தான் போகும்.

ஒப்ஜெக்ற் லொக் எண்டு பிரதியைப் பூட்டி வைக்கிற ஒரு வசதி இருக்கு, அதை ‘கொம்ப்ளயன்ஸ்’ முறையில 30 நாளுக்குப் போடுங்கோ. ரான்சம்வெயார் (ஃபைல்களைப் பூட்டிப்போட்டுக் கப்பம் கேக்கிற வைரஸ்) வந்து உங்கட பாஸ்வேர்ட்டோட உள்ளுக்குப் போனாலும் அந்த 30 நாள் பிரதியை அழிக்கேலாது. பக்கப்பை என்கிரிப்ட் பண்ணினா (சாவி இல்லாம வாசிக்கேலாதபடி மாத்தினா) அந்தச் சாவியைக் கடதாசியில அடிச்சு இரும்புப் பெட்டிக்குள்ள வையுங்கோ. சேர்வருக்குள்ளயே வைச்சா சேர்வர் போற அண்டு சாவியும் போகும்.

மூண்டு மாசத்துக்கு ஒருக்கா வேற ஒரு கொம்பியூட்டரில பக்கப்பை விரிச்சுப் பாருங்கோ. ‘சக்ஸஸ்’ எண்டு வந்தாப் போதாது. கடைசி பில் நம்பர், மொத்தக் கடன் பாக்கி ரெண்டும் சரியா வருதோ எண்டு கணக்கோட ஒத்துப் பாருங்கோ.


ஊர்க்குருவி எழுதியது:

காசுக் கணக்கை ஒருத்தரும் பேசேல்லை. 12 லட்சம் சேர்வர் ஐஞ்சு வருசம் ஓடினா மாசம் 20,000. 65,000 ரூபா ஐஞ்சு வருசத்துக்கு 39 லட்சம். சேர்வரின்ர கரண்டையும் சேருங்கோ: 200 வொட் எண்டா மாசம் 144 யூனிட், ஏசி வேற. ரெண்டு மூண்டு வருசத்துக்கு ஒருக்கா யூபிஎஸ் பற்றறி. அப்பவும் 39 லட்சம் வராது. கிளவுட் மலிவு எண்டு சொல்லி விக்கிறவையிட்ட இந்தக் கணக்கை நீட்டுங்கோ.

65,000இல என்னென்ன அடங்குதெண்டு எழுத்தில வாங்குங்கோ. கிளவுட்டில ஒரு விண்டோஸ் மெசின் மணித்தியாலத்துக்கு 25 சென்ட் எண்டு வைப்பம். மாசத்துக்கு 730 மணித்தியாலம், 182 டொலர் சொச்சம். டொலர் 300 எண்டு போட்டா 55,000 கிட்ட. ஆனா கடை திறக்கிறது 10 மணித்தியாலம், மாசம் 26 நாள், அதாவது 260 மணித்தியாலம். மற்ற நேரம் நிப்பாட்டினா 65 டொலர், 19,500 ரூபா. டிஸ்க் வாடகை நிப்பாட்டினாலும் ஓடும். அமேசனில 2024 பெப்ரவரியில இருந்து பப்ளிக் ஐபி (வெளியில இருந்து மெசினுக்கு வாற இன்ரநெற் முகவரி) ஒண்டுக்கும் மணித்தியாலத்துக்கு அரைச் சென்ட், மாசம் 3.65 டொலர். டேட்டா வெளிய எடுக்கவும் காசு, மாசம் முதல் 100 ஜிபி மட்டும் இலவசம்.

மைக்ரோசொஃப்டின்ர கிளவுட்டான அஷூரில ஒரு பொறி இருக்கு. விண்டோஸுக்குள்ள ஷட்டவுன் குடுத்தா மெசின் நிக்கும், மீற்றர் நிக்காது. போர்ட்டலில போய் ஸ்ரொப் குடுத்து ‘டீஅலொக்கேற்றட்’ (மெசினைத் திருப்பிக் குடுத்தாச்சு) எண்டு வரவேணும். பட்ஜெட் அலேர்ட் போடுங்கோ, ஆனா அது ஈமெயில்தான் அனுப்பும், தானா ஒண்டையும் நிப்பாட்டாது.

பெரிய ஆபத்து டொலர். 2022 துவக்கத்தில 200 ரூபா, மே மாசம் 360. அதே 182 டொலர் பில் 36,500இல இருந்து 65,700க்குப் போயிருக்கும், நீங்கள் ஒரு ஆணி கூடுதலா விக்காமலே. முடிஞ்சா ரூபாயில ஒரு வருச விலை எழுதித் தாற ஆளைப் பிடியுங்கோ.


கடைக்கணக்கு எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றி. பக்கப் விசயம் விளங்குது, இந்தக் கிழமையே துவங்கிறம். ஊர்க்குருவி அண்ணை சொன்ன கணக்கைப் பாத்தா பில்லை மாத்தவே வேண்டாம் போல இருக்கு. ஆனா ஸ்ரொக் பிரச்சினை அப்பிடியே நிக்குதே. டேட்டாபேஸை மட்டும் கிளவுட்டில வைச்சு, மூண்டு கடையிலயும் இப்ப இருக்கிற சொஃப்ட்வெயாரையே அதோட இணைச்சா என்ன?


துலாக்கால் எழுதியது:

தம்பி, அதை மட்டும் செய்யாதேங்கோ. உங்கட மாதிரிப் பழைய சொஃப்ட்வெயார் சேர்வர் பக்கத்து அறையில இருக்கெண்டு நம்பி எழுதினது. ஒரு பில் சேவ் பண்ண டேட்டாபேஸோட 300 தரம் கதைக்கும்: விலை, ஸ்ரொக், கழிவு, கடன் எல்லை, ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொண்டா. கடைக்குள்ள ஒரு தரத்துக்கு 1 மில்லிசெக்கன், ஆக 0.3 செக்கன். 50 மில்லிசெக்கன் தூரத்தில சேர்வர் இருந்தா அதே பில்லுக்கு 15 செக்கன். லைனை 100 எம்பிபிஎஸ் ஆக்கினாலும் இது குறையாது. தூரம்தான் பிரச்சினை, அகலம் இல்லை.

பெரிய கொம்பனியளின்ர சேர்வர் நிலையம் ஒண்டும் இலங்கையில இல்லை. கிட்ட இருக்கிறது மும்பை, ஹைதராபாத், சென்னை, சிங்கப்பூர். வல்வெட்டித்துறையில நிண்டா இந்தியக் கரை கூப்பிடு தூரம், ஆனா உங்கட டேட்டா கொழும்புப் பக்கம் போய்த்தான் கடல் கடக்கும். சேர்வரை எங்க வைக்கிறதெண்டு முடிவு எடுக்க முதல் மூண்டு கடையிலயும் இருந்து மும்பைக்கும் சிங்கப்பூருக்கும் பிங் அடிச்சு, போய் வர எத்தினை மில்லிசெக்கன் எண்டு பாருங்கோ. காலமை ஒருக்கா, இரவு எட்டு மணிக்கு ஒருக்கா. கொம்பனிக்குக் கொம்பனி பாதை வித்தியாசம்.

ரிமோட் டெஸ்க்ரொப்பில கிளவுட் மெசினுக்குள்ள போய் வேலை செய்யிறது ஒரு வழி. அதில சொஃப்ட்வெயாரும் டேட்டாபேஸும் பக்கத்தில பக்கத்தில இருக்கும், பில் கெதியா சேவ் ஆகும். ஆனா விண்டோஸ் சேர்வரில நிர்வாக வேலைக்கெண்டு ரெண்டு பேர்தான் சும்மா உள்ளுக்குப் போகலாம். 11 பேருக்கு ஆளுக்கொரு லைசென்ஸ் வாங்க வேணும், கொட்டேஷனில அது இருக்கோ பாருங்கோ. பிறகு பிரின்டர். பார்கோட் ஸ்கானர் பிரச்சினை தராது, அது கீபோர்ட் மாதிரி. டொட் மேட்ரிக்ஸும் 80 மில்லிமீற்றர் பில் பிரின்டரும்தான் தலையிடி. கடதாசி வெட்டாது, காசு லாச்சி திறக்காது, ஒரு பக்கம் அடிக்க அரை நிமிசம் நிக்கும். ரிமோட்டுக்கான வாசலை, 3389 போர்ட்டை, வெளி உலகத்துக்குத் திறந்து விட்டா அண்டைக்கே பாஸ்வேர்ட் ஊகிக்கிற ரொபோக்கள் வந்து தட்டத் துவங்கும். விபிஎன் (உங்கட ஆக்கள் மட்டும் போற மறைவான இன்ரநெற் பாதை) இல்லாம வேண்டாம்.

உங்களுக்குச் சரி வாறது பிரவுசரில ஓடுற, லைன் இல்லாமலும் பில் போடக்கூடிய சொஃப்ட்வெயார். டெமோ காட்டேக்க ஆளுக்கு முன்னாலயே ரவுட்டரின்ர வயரைக் கழட்டுங்கோ. பில் அடிக்குதோ? பத்து பில் அடிச்சு, கொம்பியூட்டரையும் ஒருக்கா நிப்பாட்டிப் போட்டு, திருப்பி வயரைக் குத்தினா பத்தும் மேல போகுதோ? ஒரு பில்லாவது ரெண்டு தரம் போச்செண்டா அந்தச் சாமானை விட்டிடுங்கோ. ஒவ்வொரு கவுண்டருக்கும் தனி பில் எழுத்து இருக்க வேணும்: யா1, சு1, கி1 எண்டு. இல்லாட்டி லைன் இல்லாத நேரம் ரெண்டு கடையில ஒரே நம்பர் விழும். லைன் இல்லாதப்ப கடன் எல்லையைப் பாக்கேலாது, அதால அந்த நேரம் காசு வியாபாரம் மட்டும் எண்டு வையுங்கோ. கம்பி, சீமெந்து மாதிரிச் சாமானை மற்றக் கிளையில இருந்து எடுத்துத் தாறம் எண்டு அப்ப வாக்குக் குடுக்க வேண்டாம், ஸ்ரொக் மைனஸில போகும்.

லைனுக்கு ரெண்டு வழி வேணும். ஒண்டு பைபர், மற்றது வேற கொம்பனியின்ர 4ஜி. ஒரே கொம்பனி ரெண்டையும் வாங்கினா ரெண்டும் சேர்ந்து போற நாள் வரும். பைபர் பெட்டியும் ரவுட்டரும் சேர்த்து 20 வொட் தான் இழுக்கும், 12 வோல்ட் 7 ஏஎச் பற்றறி ஒண்டு ரெண்டரை மணித்தியாலம் தாங்கும். பெரிய யூபிஎஸ்ஸை கவுண்டருக்கு விட்டிட்டு இதைத் தனியாப் போடுங்கோ. 2025 பெப்ரவரி 9 மாதிரி, பாணந்துறையில ஒரு குரங்கு பாய்ஞ்சு முழு நாடும் இருட்டானா, கன நேரம் போக ரெலிபோன் ரவரின்ர பற்றறியும் இறங்கும், 4ஜியும் போகும். அதுக்குத்தான் லைன் இல்லாத பில் எண்டிறன்.


வடலி எழுதியது:

துலாக்கால் சொன்னதோட நான் முழுக்க ஒத்துப்போறன். 12 லட்சம் போட்டு சேர்வர் வாங்கினாலும் ஸ்ரொக் பிரச்சினை தீராது, மாசம் 65,000 குடுத்துப் பழசைத் தூக்கி வைச்சாலும் நிம்மதி வராது.


பனங்கூடல் எழுதியது:

ஒருத்தரும் தொடாத விசயம், எக்கவுண்ட் ஆற்ற பேரில? எங்கட ஊரில சொஃப்ட்வெயார் போட்டுத் தாறவர் தன்ர ஈமெயிலில கிளவுட் எக்கவுண்ட் திறந்து, தன்ர கார்ட்டைப் போட்டு, டொமைனையும் (இணைய முகவரியையும்) தன்ர பேரில எடுத்துத் தாறது வழக்கம். அவர் கனடா போனாலோ, காசுப் பிரச்சினையில கோவிச்சாலோ உங்கட கணக்கு அவரிட்ட. முதல் எக்கவுண்ட் உங்கட கடை ஈமெயிலில, ரெண்டாம் பூட்டு (பாஸ்வேர்ட்டுக்குப் பிறகு கேக்கிற இலக்கம்) முதலாளியின்ர ரெலிபோனில இருக்க வேணும். அந்தப் பூட்டின்ர மாற்று இலக்கங்களை அடிச்சு எடுத்து, என்கிரிப்ஷன் சாவியோட இரும்புப் பெட்டிக்குள்ள வையுங்கோ. வேலை செய்யிறவருக்கு தனி யூசர் குடுங்கோ. ஆள் விலகினா அண்டைக்கே மூடலாம்.

கார்ட் வெளிநாட்டு இன்ரநெற் கொடுப்பனவுக்குத் திறந்திருக்கோ எண்டு வங்கியில கேளுங்கோ. காலாவதி ஆகிற மாசத்தை நாட்காட்டியில எழுதுங்கோ. காசு கழியாட்டி முதல் எச்சரிக்கை, பிறகு நிப்பாட்டல், பிறகு அழிப்பு. எச்சரிக்கை ஒருத்தரும் பாக்காத ஈமெயிலுக்குத்தான் போகும்.

கிளவுட் எண்டா தானா பக்கப் எண்டு நினைக்க வேண்டாம். 2023 ஓகஸ்ட்டில எங்கட அரசாங்கக் கிளவுட்டுக்கே ரான்சம்வெயார் அடிச்சு, மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான அரச ஈமெயில்கள் போச்சு, அந்தக் காலத்துக்குப் பிரதி இருக்கேல்லை. 2021 மார்ச்சில பிரான்சில ஓவிஎச் எண்ட கிளவுட் கொம்பனியின்ர நிலையம் எரிஞ்சப்ப, பக்கப்பையும் அதே வளவுக்குள்ள வைச்சிருந்த ஆக்கள் ரெண்டையும் இழந்தினம். பிரவுசர் சொஃப்ட்வெயார் எடுத்தாலும் கிழமைக்கு ஒருக்கா சாமான், பாக்கி, பில் மூண்டையும் எக்செல்லா இறக்கி உங்கட கையில வையுங்கோ. இறக்க விடாத சொஃப்ட்வெயாருக்குக் கையெழுத்து வைக்காதேங்கோ.

வாடிக்கையாளர் பேர், அடையாள அட்டை நம்பர், கடன் எல்லாம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வரும். தனியார் கடை சட்டத்தின்ர நிபந்தனைகளுக்கு அமைய வெளிநாட்டில வைக்கலாம், ஆனா பாதுகாப்புக்குப் பொறுப்பு நீங்கள். அடையாள அட்டை நம்பர் உண்மையில தேவையோ எண்டு யோசியுங்கோ. இல்லாததைக் களவெடுக்கேலாது.


கடைக்கணக்கு எழுதியது:

சரி, பிரவுசர் சொஃப்ட்வெயார் ரெண்டு பாத்துக்கொண்டிருக்கிறம். ஒண்டில எங்கட சாமான் பட்டியலை ஏத்திப் பாத்தா தமிழ்ப் பேர் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக் குப்பையா வருது. மற்றதில வெறும் கேள்விக்குறி. என்ன செய்யிறது?


துலாக்கால் எழுதியது:

முதலாவது பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவால வாறது. பழைய சொஃப்ட்வெயாரில எழுத்துருதான் தமிழாக் காட்டினது, உள்ளுக்கு இருக்கிறது ஆங்கில எழுத்து. பட்டியலை எக்செல்லுக்கு எடுத்து, பாமினியை யூனிகோட்டுக்கு (இப்ப எல்லா இடமும் பாவிக்கிற எழுத்து முறைக்கு) மாத்திற கருவியில போட்டு, பிறகு ஏத்துங்கோ. ஆங்கிலப் பேருள்ள சாமானை முதலே வேறாப் பிரியுங்கோ, இல்லாட்டி ‘பிவிசி’ எண்டு ஆங்கிலத்தில இருக்கிறதும் தமிழ்க் குப்பையா மாறும். கேள்விக்குறி வாற மற்றதில யூனிகோட்டைத் தாங்காத டேட்டாபேஸ் கட்டத்தில பேரைச் சேமிச்சிருக்கினம். அது உங்கட பிழை இல்லை, செய்த ஆள்தான் மாத்த வேணும். மாத்தேலாது எண்டா அதை விடுங்கோ. கேள்விக்குறியா விழுந்த எழுத்து திரும்பி வராது, அதால மூலப் பிரதியை அழிக்காதேங்கோ.

மாத்திற நேரம் ஆறு வருசத்துப் பில்லையும் ஏத்த நிக்காதேங்கோ. சாமான் பட்டியல், கையிருப்பு, ஆள்வாரிப் பாக்கி மூண்டும் போதும். பட்டியலைத் துப்பரவாக்கிறதுதான் பெரிய வேலை. அரை இஞ்சிப் பிவிசிக் குழாய் மூண்டு கடையிலயும் மூண்டு பேரில இருக்கும், ஒருத்தர் அடியிலயும் மற்றவர் நீளக் கணக்கிலயும் விக்கிறார். அலகை ஒண்டாக்காம ஏத்தினா ஒரே ஸ்ரொக் எண்ட கதையே பொய். கூட ஓடுற 300 சாமானை முதல்ல திருத்துங்கோ, மிச்சம் பிறகு.

நாளுக்கு ஏப்ரல் 1 நல்லது, வரி வருசம் துவங்கிற நாள். அவ்வளவு காலம் பொறுக்கேலாட்டி ஒரு மாச முதலாம் திகதி. அதுக்கு முதல் வாற போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் மூண்டு கடையையும் பூட்டிப்போட்டு எண்ணுங்கோ. சின்னக் கிளையில துவங்கி, ரெண்டு கிழமை பாத்து, பிறகு ரவுணுக்கு வாங்கோ. அந்த ரெண்டு கிழமையும் பழையதிலயும் புதியதிலயும் ரெண்டு தரம் பில் போடச் சொல்லாதேங்கோ, பொடியங்கள் ஒண்டிலதான் ஒழுங்காப் போடுவாங்கள். பின்னேரம் லாச்சிக் காசோட புதுக் கணக்கை ஒத்துப் பாத்தாப் போதும்.

பழைய சேர்வரை விக்காதேங்கோ. வெளி லைனைக் கழட்டி, வாசிக்க மட்டும் விட்டு மூலையில வையுங்கோ. பழைய பில் கேட்டு வாற ஆளுக்கும் வரிக் கணக்குக்கும் அது வேணும்.